குதிரையின் காலுக்கு இட்ட கட்டு



காயத்துக்கு இடும் கட்டுத்துணியின் அருமையை முள்ளிவாய்க்கால் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2009 ஆம் ஆண்டில் அவ்வூரில் இயங்கிய தற்காலிக வைத்தியசாலையில் மருந்தும் துணியும் போதாதிருந்த நிலையை நாடறியும். ஆயினும், காக்க வேண்டிய கட்டே கேடாய் முடிவதும் உண்டு. இதனைத் தெளிவுறக் காட்டுவது குதிரையின் கால்.

வடபுலத்தில் குதிரை என்றவுடன் நெடுந்தீவு நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் அத்தீவின் வெளிகளில் திரிகின்றன.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை ஏறத்தாழ இல்லை. எலும்பு, தசைநாண், இரத்தக் குழாய், நரம்பு, மெல்லிய தோல் என்பனவே உள. நமது கெண்டைக்காலிலே சதை மெத்தைபோல நின்று அழுத்தத்தைத் தாங்கும். குதிரைக்கோ அம்மெத்தை கிடையாது. எனவே, பஞ்சு வையாது இறுக்கிய துணி, பின்புற நாணை நேரே நெரிக்கும். நாண் வீங்கி வில்போலப் புடைக்கும். குருதியோட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகவும் கூடும். தளரக் கட்டினாலும் தீங்கே. துணி நழுவிக் கயிறாய்த் திரண்டு ஓரிடத்தில் இறுகிவிடும்.

ஆதலால், காயத்தைத் தூய நீராற் கழுவிய பின், பஞ்சைச் சுருக்கமின்றித் தடிப்பாக வைத்தல் வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முன்னைய சுற்றின் பாதியை மூட, இறுக்கம் எங்கும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். முடிச்சு நாணின்மேல் அமையலாகாது. கட்டுக்கு மேலோ கீழோ வீக்கம், துர்நாற்றம், காலூன்ற மறுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். குதிரை ஏற்புவலிக்கு எளிதில் ஆளாகும் விலங்கு. ஆகவே மண்பட்ட காயத்தைத் துணியால் மூடியதோடு அமையாது, கால்நடை வைத்தியரை அழைத்தல் கடன்.

கட்டாக்காலிக் குதிரையொன்றின் காயத்தைக் கண்டு இரங்கி, ஒருவர் கட்டுப் போட்டு விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். மறுநாள் அதனைப் பிடித்து அவிழ்ப்பவர் யார்? அவிழ்ப்பாரில்லாத கட்டு, காலுக்கு இட்ட விலங்கேயாகும்.

வன்னியில் குதிரை வளர்ப்போர் அரியர்; மாடு வளர்ப்போர் பலர். பட்டி மாட்டின் காலைச் சேலைக் கிழிசலால் இறுகச் சுற்றி மேய்ச்சலுக்கு விட்டாலும் இதே கதிதான். நமது வெப்பத்தில், மூடிய துணிக்குள்ளே காயம் புழுத்துப்போவதைப் பட்டிக்காரர் அறிவர்.

மனிதருக்கும் இது பொருந்தும். பாம்பு கடித்த காலைக் கயிற்றால் இறுகக் கட்டும் வழக்கம் இன்னும் நம்மிடை உளது. அது நஞ்சின் கேட்டைத் தடுக்காது. அக்காலையே இழக்கச் செய்யவும் கூடும் என்று இன்றைய வைத்தியம் எச்சரிக்கின்றது. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே முறை.

ஆகவே நேயர்களே, எவ்வுயிருக்குக் கட்டுப் போட்டாலும், அதனை மீண்டும் எப்போது, யார் அவிழ்த்துப் பார்ப்பது என்பதை அப்பொழுதே முடிவு செய்துகொள்ளுங்கள்.