நார்ச்சத்துப் பொடி: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

ஏலக்காய் 8 மி.மீ. தேறுமா என்று சல்லடை போட்டுப் பார்க்கிற போடிக்காரர்கள் நாம். வயிற்றுக்கான பொடியை மட்டும் விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான். ஆரஞ்சு சுவையில் இசப்கோல் வாங்கி இரண்டு மாதம் குடித்தேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பிறகுதான் டப்பாவின் பின்பக்கம் படித்தேன். பட்டியலில் முதலில் இருந்ததே சீனி! 'படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்' என்று வங்கிக் கவுன்டரில் காலமெல்லாம் சொன்னவன் நான்.

இசப்கோல் என்பது குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு செடியின் விதை உமி. தண்ணீரை உறிஞ்சி ஊதி மலத்தை இளக்கும், அவ்வளவுதான். சில பொடிகளில் 'சென்னா' சேர்த்திருப்பார்கள். கொண்டைக்கடலை அல்ல, நம் திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலாவாரை இலை. அது நார்ச்சத்து இல்லை, குடலைத் தூண்டும் பேதி மருந்து. டாக்டரைக் கேட்காமல் அதை மாதக்கணக்கில் எடுக்காதீர்கள்.

உமியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் தொண்டையை அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம்.

இப்போது நான் வாங்குவது வெறும் உமி. ருசி ஒன்றும் கிடையாது.