மொரிஷியஸ்: கடற்கரையோடு திரும்பி விடாதீர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கே போகலாம் என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கி விடும். தமிழ்நாடு, பாலி, லங்காவி என்ற பழகிய பெயர்களோடு மொரிஷியஸும் சேர்ந்து அடிபடுகிறது. அங்கே போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதே எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள சிறிய நாடு அது. சுற்றியுள்ள தீவுகளையும் சேர்த்து ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர்தான். 1968 மார்ச் 12ஆம் நாள் சுதந்திரம் பெற்றது. மலேசிய நேரத்தை விட நான்கு மணி நேரம் பின்னால் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை இதமான குளிர். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் வரக்கூடிய காலம் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

கடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தீவைச் சுற்றிப் பவளப்பாறைகள் அரண் போல் நிற்கின்றன. அதனால் கரையோரக் கடல் பல இடங்களில் குளம் போல் அமைதியாக இருக்கும். 2020 ஜூலையில் 'வகாஷியோ' என்ற கப்பல் அந்தப் பாறைகளில் மோதியது. அடுத்த மாதம் அதிலிருந்து சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. அப்போது பொதுமக்களே கரும்புச் சோகையை மூட்டைகளாகக் கட்டி, கடலில் தடுப்பு மிதவைகளாக இறக்கினார்கள். கடலை அவர்கள் எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனால், நேயர்களே, கடற்கரையோடு திரும்பி வந்து விட்டால் அந்த நாட்டில் பாதியைக் கூட நீங்கள் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

பதினாறு படிகள்

தலைநகர் போர்ட் லூயிஸில், துறைமுகத்தை ஒட்டி 'ஆப்பிரவாசி காட்' என்ற இடம் இருக்கிறது. அங்கே பதினாறு கல்படிகள் உள்ளன. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கப்பலை விட்டு அவற்றில் ஏறித்தான் புது மண்ணில் கால் வைத்தார்கள். 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' கப்பலில் 36 பேர் வந்தார்கள். அதிலிருந்து 1920 வரை அந்தத் தீவுக்கு வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். 1849இல் எழுந்த குடியேற்ற நிலையத்தின் எஞ்சிய பகுதியை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பினாங்கில் இறங்கித் தோட்டப்புறங்களுக்குப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். அங்கே கரும்பு, இங்கே பால்மரம், அவ்வளவுதான் வேறுபாடு. நம் பிள்ளைகள் அந்தப் படிகளை ஒரு முறை பார்க்க வேண்டும்.

தென்மேற்கில் 'லெ மோர்ன்' என்ற 556 மீட்டர் மலை இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்கள் தப்பியோடி ஒளிந்த மலை அது. அடிமை முறை 1835இல் ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவர்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணிச் சிலர் உச்சியிலிருந்து குதித்து விட்டதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 2008இல் அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

பணத்தாளில் தமிழ்

தமிழர்கள் ஒப்பந்தக் கூலி முறைக்கும் முன்பே அங்கே போனவர்கள். 1730களில் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அழைத்து வரப்பட்டார்கள். போர்ட் லூயிஸ் நகரம் எழுந்ததில் அவர்கள் உழைப்பும் உண்டு.

அந்நாட்டு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ், பிறகு இந்தி. நூறு ரூபாய்த் தாளில் இருப்பது ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரின் படம். 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழ், இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டது. தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது. தைப்பூசக் காவடி நாளுக்கு நாடு முழுவதும் விடுமுறை. கோர் டி கார்ட் மலைச்சரிவில் முருகன் கோயில் இருக்கிறது. பத்துமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

சாப்பாட்டிலும் தமிழ் மணக்கிறது. வாழையிலையில் ஏழு கறி உண்டு. ரசத்தை 'ரசோன்' என்கிறார்கள். முருங்கைக் கீரைக்கு 'பிரெட் முரூம்' என்று பெயர். தெருவில் விற்கும் 'காத்தோ பிமா' நம் பருப்பு வடைக்குத் தம்பி.

இத்தனையும் இருந்தும், அங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. பெயர் தமிழ், கோயில் தமிழ், சமையல் தமிழ், ஆனால் பேச்சில் தமிழ் இல்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது கிரியோல். முன்னேற்றத்துக்குத் தேவைப்பட்டது பிரெஞ்சும் ஆங்கிலமும். தலைமுறைகள் மாற மாற, தமிழ் வீட்டை விட்டு வெளியேறி விட்டது. இன்று அதைப் பள்ளியில் பாடமாகப் படித்துத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறார்கள். பணத்தாளில் வரிசை மாறியதற்கே பொங்கி எழுந்தவர்கள் அவர்கள். ஆக, பற்று மட்டும் ஒரு மொழியைக் காத்து விடாது. வீட்டில் பேச வேண்டும்.

இரண்டு பறவைகள்

கடைசியாக இரண்டு பறவைகளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று டோடோ. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கிய நூறு ஆண்டுக்குள் அது அழிந்து போனது. அதன் எலும்புக்கூட்டைப் போர்ட் லூயிஸ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மற்றொன்று மொரிஷியஸ் வல்லூறு. 1974இல் காட்டில் நான்கே நான்கு இருந்தன. கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, பாதுகாத்து வளர்த்துக் காட்டில் விட்டார்கள். இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள்.

நம் வீட்டில் தமிழ் இன்னும் இருக்கிறது. அந்தத் தீவுக்குப் போகும்போது பிள்ளைகளிடம் தமிழிலேயே பேசிக் கொண்டு போங்கள். போய் வந்த பிறகும் அப்படியே பேசுங்கள்.