விண்ணிலிருந்து விடை வராதது ஏன்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1950ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுக்கூடத்தில் நான்கு விஞ்ஞானிகள் மதிய உணவுக்கு அமர்ந்தனர். வரும் வழியிற் பறக்குந் தட்டுக்களைப் பற்றிச் சிரித்துப் பேசியவர்கள், வேறு பேச்சிற் புகுந்துவிட்டனர். திடீரென அவர்களுள் ஒருவரான என்றிக்கோ பேர்மி, "எல்லோரும் எங்கே?" என்றார். மற்ற மூவரும் நகைத்தனர். எனினும், யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பது அவர்களுக்கு உடனே விளங்கிற்று.

எமது பால்வீதியில் உடுக்கள் 10,000 கோடிக்குக் குறையா. அதன் வயது 1,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். எமது ஞாயிறோ 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றியது. ஆகவே எமக்கு மூத்த அறிவுடையோர் பலர் இருந்திருக்கலாம். அவர்கள் மெதுவாகவே பயணஞ் செய்தாலும், சில கோடி ஆண்டுகளிற் பால்வீதியெங்கும் பரவியிருக்க முடியும். ஆயின் ஒருவரையுங் காணோம்.

அண்டங்கள் பலவென்று எம் முன்னோர் பாடிவிட்டனரே எனப் பெரியோர் சிலர் கூறுவர். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பாடியது வேறு, கண்டது வேறு.

சரி, தேடிப் பார்த்தோமா? 1960இல் பிராங்க் டிறேக் என்பவர், கிறீன் பாங்க் என்னுமிடத்தில் 26 மீற்றர் வானொலித் தொலைகாட்டியொன்றை இரண்டு உடுக்களை நோக்கித் திருப்பிக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. 1967இல் ஜோசலின் பெல் என்னும் மாணவி, ஒழுங்கு தவறாத துடிப்பொன்றைக் கண்டார். வேற்றுலகத்தாரோ என வேடிக்கையாகப் பெயரும் இட்டனர். அது சுழலும் உடுவொன்றின் துடிப்பாக முடிந்தது. 1977 ஆகஸ்ட் 15இல் ஒகாயோவில் 72 விநாடிகள் ஒரு வலிய சைகை பதிவாயிற்று. பதிவைப் பார்த்தவர் தாளின் ஓரத்திற் சிவப்பு மையால் வியப்புச் சொல்லொன்றை எழுதினார். அச்சைகை மீண்டும் வரவேயில்லை.

இவ்வளவும் எம்மாத்திரம்? 2018இல் மூவர் கணக்கிட்டனர்: தேடவேண்டியதை உலகத்துக் கடல்நீர் முழுவதுமாகக் கொண்டால், தேடியது ஒரு சிறு நீச்சற்குளத்து நீரளவே. அதில் மீனில்லை, ஆகவே கடலிலும் இல்லை என்று எம் மீனவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

ஆயினும் இதனோடு நாம் அமைதியடைந்துவிட முடியாது. காலியிற் பிறந்து, சென்னையில் மெய்யியல் கற்று, பின்னர் உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தவர் எம் நாட்டவரான சிறில் பொன்னம்பெரும. 1969இல் அவுஸ்திரேலியாவில் வீழ்ந்த விண்கல்லொன்றில், உயிருக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் இருந்தனவென 1970இல் அறிவித்தோருள் அவரும் ஒருவர். ஆகவே உயிருக்கு வேண்டிய சரக்கு விண்ணில் அரிதன்று. அரிதாயிருப்பது அடுத்த படிகளாகலாம். இப்பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளேனும் ஆகின்றன. விலங்குகள் தோன்றியோ ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளே. இடைப்பட்ட அந்நெடுங்காலமெல்லாம் பெரும்பாலும் நுண்ணுயிர்களின் ஆட்சிதான். பல உலகங்கள் இன்னும் அந்நிலையிலேயே நிற்கலாமன்றோ? நாம் கூடுதலாக நம்புவது இக்காரணத்தையே.

இன்னொன்றும் உண்டு, இளைஞர்கள் இதனை ஊன்றிக் கேட்கவேண்டும். 1961இல் டிறேக் ஒரு சமன்பாடு எழுதினார். அதன் கடைசிக் காரணி, செய்தி அனுப்பவல்ல நாகரிகம் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பது. ஏனைய உடுக்களுக்குக் கோள்கள் உளவா என்பதைத் தொலைகாட்டி காட்டிவிட்டது. இன்று அறியப்பட்டவை 6,000க்கு மேல். இக்கடைசிக் காரணிக்கோ எம்மையன்றி வேறு சான்றில்லை. வானொலி எம் கைக்கு வந்து நூற்றாண்டு சொச்சமே. லொஸ் அலமொஸ் அணுகுண்டு பிறந்த இடம். பேர்மியோடு அன்று உண்டவருள் ஒருவர், ஐதரசன் குண்டுக்கு வழிகண்ட எட்வேட் ரெல்லர். வினா எழுந்த மேசையிலேயே விடைகளுள் ஒன்றும் இருந்ததோ என நாம் ஐயுறுகின்றோம்.

நாமும் ஒருமுறை உரத்துக் கூவியிருக்கிறோம். 1974இல் அரெசிபோவின் பெருந்தொலைகாட்டியிலிருந்து, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள உடுக்கூட்டமொன்றுக்குச் செய்தி அனுப்பினர். அது இன்னும் வழியிலே போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பிய தொலைகாட்டி 2020 டிசெம்பரில் இடிந்து வீழ்ந்துவிட்டது.