முதல் வகுப்புலயே சொல்லிடுங்க

புதுசா அசிஸ்டென்ட் ப்ரொஃபசரா சேர்ந்தவங்க, சனிக்கிழமை கல்லூரிக்குப் போய் கிளாஸ் எடுக்கிற ஐடி ஆட்கள், இன்னைக்கு எபிசோட் உங்களுக்குத்தான். மாணவர்களும் கேளுங்க, கடைசியில உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் 3 கிரெடிட் தியரி பாடம்னா வழக்கமா 5 யூனிட், யூனிட்டுக்கு 9 பீரியட், மொத்தம் 45. தாள்ல பார்க்க அழகா இருக்கும். ஆனா நடுவுல மழை லீவு வரும், இன்டர்னல் டெஸ்ட் வரும், சிம்போசியம் வரும். ஒரு 7 பீரியட் போச்சுன்னு வைங்க, மீதி 38. போற அந்த 7 பீரியடும் கடைசி யூனிட் தலையிலதான் விடியும். "அஞ்சாவது யூனிட்டை நீங்களே படிச்சுக்கோங்க" என்ற வசனம் பிறக்கிறது இப்படித்தான். செமஸ்டர் தேர்வில் பார்ட் பி-யில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 13 மார்க் கேள்வி ஒண்ணு. முதல் யூனிட்டுக்கும் அதே 13, நடத்தாம விட்ட யூனிட்டுக்கும் அதே 13.

அதனால செமஸ்டர் தொடங்குறதுக்கு முன்னாடியே 38 பீரியடுக்குத் திட்டம் போடுங்க. ஸ்பிரிண்ட்ல பஃபர் வைக்கிற மாதிரிதான். மீதி 7 பீரியட் கையில நின்னுதுன்னா, பழைய கேள்வித்தாள் போட்டுப் பார்க்கலாம், புரியாத இடத்தைத் திரும்ப எடுக்கலாம்.

திட்டத்தை எங்க இருந்து ஆரம்பிக்கிறது? கடைசியில இருந்து. விக்கின்ஸ், மெக்டை என்ற ரெண்டு பேர் 1998-ல் ஒரு புத்தகமா எழுதின முறை இது. பாடம் முடியும்போது மாணவர் என்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணணும். அதை எப்படிச் சோதிப்போம்னு அடுத்து. வகுப்புல என்ன நடத்தணும் என்பது மூணாவதாத்தான் வரும். டேட்டாபேஸ் பாடத்தில் "நார்மலைசேஷன் தெரியணும்" என்று எழுதினா அதைச் சோதிக்க முடியாது. "ஒரு மளிகைக் கடை பில்லைக் கொடுத்தா, அதை மூணாவது நார்மல் ஃபார்ம் வரைக்கும் பிரிச்சுக் காட்டணும்" என்று எழுதினா, எதை நடத்தணும், எதை விடலாம்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அடுத்தது எதிர்பார்ப்புகள். என்பிடெல் கோர்ஸ் எடுத்தவங்களுக்கு இது பழக்கம்தான். எத்தனை வாரம், எந்த அசைன்மென்ட்டுக்கு எந்த நாள் கடைசி, அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75, எல்லாம் சேரும்போதே கண் முன்னாடி இருக்கும். உங்க வகுப்புக்கும் அப்படி ஒரு பக்கம் போதும். டெஸ்ட் எந்த வாரம், தாமதமா கொடுத்தா எத்தனை மார்க் போகும், சாட்ஜிபிடியை எதுக்குப் பயன்படுத்தலாம், எதுக்குக் கூடாது. லேப் புரோகிராம்னா ஓடினா எவ்வளவு, டெஸ்ட் கேஸுக்கு எவ்வளவு, வைவாவுக்கு எவ்வளவு. 2021 ரெகுலேஷன்ல தியரி பாடத்துக்கு இன்டர்னல் மட்டுமே 40. 2017 ரெகுலேஷன்ல அது 20-தான். 40 மார்க் எப்படி வருதுன்னு தெரியாம ஒரு பையன் நாலு மாசம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

"இதெல்லாம் ஊட்டி விடுறது இல்லையா?" என்று கேட்பாங்க. யோசிச்சுப் பாருங்க. சொல்லாத விதி எல்லாருக்கும் ஒரே மாதிரி மறைஞ்சிருக்காது. அண்ணன் அதே கல்லூரியில படிச்சவனுக்கு, ஹாஸ்டல்ல சீனியர் இருக்கிறவனுக்கு, இந்த சார் எதுக்கு மார்க் போடுவார்னு முதல் வாரமே தெரிஞ்சிடும். வீட்டுல முதல் ஆளா காலேஜ் வந்த பொண்ணுக்கு, ரெண்டு பஸ் மாறி வந்துட்டு நாலு மணிக்கே கிளம்புற பொண்ணுக்கு, அதைச் சொல்ல யார் இருக்கா? நீங்க வாயைத் திறந்து சொன்னாத்தான் அவளுக்குத் தெரியும். விதியைத் தெளிவா சொன்னா பாடம் சுலபமாகாது, போட்டி நியாயமாகும்.

ஒரு விஷயம், சொன்னதை நடுவுல மாத்தாதீங்க. நாளைக்கு டெஸ்ட்னு ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப் குரூப்ல போட்டா, முதல் நாள் கொடுத்த பக்கத்துக்கு மதிப்பே இல்லை. மாத்தியே ஆகணும்னா ஒரு வாரம் முன்னாடி, வகுப்புல, காரணத்தோட சொல்லுங்க.

இப்ப மாணவர்களுக்கான வேலை. முதல் வாரத்துல எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "சார், இன்டர்னல் மார்க்கை எப்படிப் பிரிச்சுப் போடுவீங்க?" மரியாதையா கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒருவேளை பதில் ஏற்கனவே தெரிஞ்சிருக்கலாம். பின் பெஞ்சுல கேட்கத் தயங்கி உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு அது தெரியாது. அவருக்காகவாவது கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.