கோடு போட்டவன் யார்? கோட்டில் நிற்பவன் யார்?

(ஓசூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓசூரிலிருந்து பெங்களூர் ரோட்டில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். மண் ஒன்றுதான், அதில் விளைகிற ராகியும் ஒன்றுதான். இரண்டு பக்கத்து வீடுகளிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கின்றன. ஷிப்டுக்கு இங்கேயுள்ளவர் அங்கே போகிறார். அங்கேயுள்ளவர் இங்கே வருகிறார். அப்படியானால் நடுவே இந்தக் கோட்டைப் போட்டது யார்? எதற்காகப் போட்டார்கள்? பழங்கதை பேசிப் பொழுது போக்க நாம் இதைக் கேட்கவில்லை. நம் பிழைப்பிலும் நம் தண்ணீரிலும் இந்தக் கோடு இன்றும் கை வைக்கிறது. அதனால்தான் கேட்கிறோம்.

கிஸ்தி பார்த்துப் போட்ட கோடு

1791 நவம்பரில் கும்பினிப் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. பேட்டையைப் பிடித்தது, மலைமேல் இருந்த கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் நாலு மாதம் கழித்து, 1792 மார்ச்சில், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதினார்கள். கிருஷ்ணகிரியோடு பாரமகால் முழுவதும் கும்பினி கைக்குப் போயிற்று. பீரங்கிக்கு விழாத கோட்டை காகிதத்துக்கு விழுந்தது!

அந்தக் காகிதம் என்ன சொன்னது? திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுக்க வேண்டும். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். பணம் தீரும்வரை இரண்டு பிள்ளைகளைப் பணயமாக அனுப்ப வேண்டும். பாதி ராஜ்யத்தை எப்படி அளந்தார்கள்? ஆறு, மலை பார்த்து அல்ல. அங்கே வாழ்கிற ஜனங்கள் பேசும் பாஷையைப் பார்த்தும் அல்ல. எந்தச் சீமையில் எத்தனை வராகன் வரி வசூலாகும் என்று ஜாபிதா போட்டுப் பிரித்தார்கள். உழுகிறவன் கட்டுகிற கிஸ்திதான் அவர்களுக்கு அளவுகோல்.

வசூலுக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. குடியானவனிடம் நேராக வரி வாங்குகிற ரயத்துவாரி முறை முளைத்தது இந்தப் பாரமகாலில்தான்.

அப்போது ராயக்கோட்டை கும்பினிக்கு, ஓசூர் திப்புவுக்கு. ஏழே வருஷம்தான் அந்தக் கோடு நின்றது. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு களத்தில் மாண்டார். ஜூன் மாதத்தில் மறுபடியும் பங்கு பிரித்தார்கள். ஓசூர்ச் சீமையும் கும்பினிக்கு வந்து சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. மிச்சமான மைசூரின் சிம்மாசனத்தில் ஐந்து வயதுக் குழந்தையை உட்கார வைத்து, வருஷத்துக்கு 7 லட்சம் நட்சத்திர வராகன் கட்டச் சொன்னார்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோதும் நம் பக்கத்தில் பெரும்பாலும் அந்தப் பழைய கோடே நின்றுவிட்டது.

சரக்குக்கு வழி, தறிக்கு வரி

அந்தக் காலத்தில் லம்பாடிகள் மாட்டின்மேல் பொதி ஏற்றிக் கடற்கரை உப்பைக் கணவாய் வழியாக மேலே கொண்டு போவார்கள்; தானியத்தைக் கீழே கொண்டு வருவார்கள். வழியெல்லாம் சுங்கச் சாவடி. சாயர் என்று அதற்குப் பெயர். 1844-ல் சென்னை ராஜதானியில் இந்த உள்நாட்டுச் சுங்கத்தை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம்தானே என்பீர்கள். லங்காஷயர் துணி மூட்டை துறைமுகத்தில் இறங்கி, தடையில்லாமல் கணவாய் அடிவாரம்வரை வந்தது. ஆனால் இங்கே தறி போட்டவர்மேல் இருந்த மோதர்பா வரி? அது அதற்குப் பின்னும் பல வருஷம் நீடித்தது. சரக்குக்கு விடுதலை, நெய்தவருக்கு வரி!

உப்பின் கதையும் இதுதான். 1805-ல் ராஜதானியில் உப்பைச் சர்க்காரின் ஏகபோகமாக்கினார்கள். எல்லைக்கு அப்பால் உவர்மண்ணைக் கரைத்து உப்புக் காய்ச்சினால் ஏகபோகத்துக்கு ஓட்டை விழுமல்லவா? ஐம்பது வருஷம் தாங்களே ஆண்ட மைசூரை 1881-ல் ராஜாவிடம் திருப்பித் தந்தபோது சாசனத்தில் ஒரு ஷரத்து வைத்தார்கள். உப்பு, அபின் உற்பத்தியைத் தடுக்கச் சொன்னால் தடுக்க வேண்டும். அவற்றின் ஏற்றுமதி, இறக்குமதிக்கு வெள்ளைக்கார சர்க்கார் சொல்லும் விதிகளையே நடத்த வேண்டும். சிம்மாசனம் ராஜாவுக்கு, உப்புச் சட்டி வைஸ்ராய்க்கு! 1930-ல் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கத் தொண்டர்களை நடத்திச் சென்ற ராஜாஜி, இதே ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர்.

ஆற்றின்மேல் ஒரு கையெழுத்து

1892 பிப்ரவரி 18. சென்னைக்கும் மைசூருக்கும் ஒப்பந்தம். மைசூர் 15 முக்கிய ஆறுகளில் புதிய பாசன நீர்த்தேக்கம் எதையும் சென்னையின் சம்மதமில்லாமல் கட்டக்கூடாது என்று எழுதினார்கள். காவிரி அதில் உண்டு. நம் தென்பெண்ணையும் உண்டு. தென்பெண்ணையின் கிளையான மார்க்கண்டேய நதியில் கோலார்ப் பக்கம் கட்டிய அணையைத் தடுக்கத் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குப் போனபோது காட்டியது இந்த ஒப்பந்தத்தைத்தான். 2019 நவம்பர் 14-ல் கோர்ட் அந்தத் தடை மனுவைத் தள்ளி, நடுவர் மன்றம் கேளுங்கள் என்று சொல்லிற்று.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஏர் பிடித்த ஒருவர் உண்டா? கிடையாது. தண்ணீர் எவ்வளவு என்று பேசினார்கள். எப்படிப்பட்ட தண்ணீர் என்று பேசவில்லை. இன்று பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குகிறது. அந்தத் தண்ணீரில் இறங்கி நாற்று நடுகிற கையும் காலும் நம்முடையவை.

கைரேகை கேட்ட தங்கவயல்

கோலார் தங்கவயல் மைசூர் ராஜ்யத்தில் இருந்தது. தங்கம் வெட்டியது லண்டன் கம்பெனி. ராயல்டி வாங்கியது மைசூர் சர்க்கார். சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிப் போன ஏழைத் தமிழர்கள். தங்கம் கடல் தாண்டிப் போயிற்று. தொழிலாளியிடமோ, 1930-ல், கைரேகை வை என்றார்கள். நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

தோழர்களே! வெள்ளைக்காரன் போய்விட்டான். கோட்டின் குணம் மாறியதா? 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லையிலிருந்த வணிகவரிச் சாவடிகள் போயின. லாரி நிற்காமல் போகிறது. 2020-ல் கொரோனா வந்தது. நோய்க்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சரக்கு லாரிக்கு வழி விட்ட அதே அத்திப்பள்ளியில், வேலைக்குப் போகிற ஆளை இ-பாஸ் எங்கே என்று நிறுத்தினார்கள். வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியை யார் கொடுத்தார்கள்?

1792-லிருந்து நாம் பார்ப்பது இதுதான்: கோடு சரக்குக்கு விலகும், உழைப்பவருக்கு மறிக்கும். கோட்டைப் பற்றிப் பேசுகிற மேஜையில் உழைப்பவருக்கு நாற்காலி இல்லை.

ஆகவே, அந்தப் பக்கத்துத் தொழிலாளியை நம் கூலியைக் கெடுக்க வந்தவர் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அவரை நம்மிடமும் நம்மை அவரிடமும் காட்டித்தான் இருவர் கூலியையும் குறைக்கிறார்கள். அங்கே குறைந்தபட்சக் கூலி என்ன, இங்கே என்ன என்று இரண்டு பக்கச் சங்கங்களும் ஒன்றாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கட்டும். தென்பெண்ணையைப் பற்றி இரண்டு சர்க்கார்களும் பேசும்போது, அந்தத் தண்ணீரில் நிற்கிறவர்களையும் கூப்பிடு என்று கேட்போம். நம்மைக் கேட்காமல் போட்ட கோடு இது. இனி இதன்மேல் எழுதுகிற எதையும் நம்மைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்!