ஆறாம் விரலும் அறிதுயிலும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற போதைப்பொருள் விழிப்புணர்வுப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதிய உணவு முடிந்த கையோடு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். தலைப்போ ஹிப்னாடிசம். நான் ஆரம்பிக்கும் முன்பே பின்வரிசையில் சிலர் அந்த நிலைக்குப் போய்விட்டது தெரிகிறது. பரவாயில்லை, காது மட்டும் திறந்திருந்தால் போதும். அறிதுயில் என்பதே அப்படிப்பட்ட ஒன்றுதான் என்று பிறகு சொல்கிறேன்.

நான் மனநல மருத்துவன் அல்லன். அறிவியல் பட்டதாரி ஆசிரியர். இருபது வருடத்துக்கும் மேலாகப் புகைத்தவன். பி.எட். படிக்கும்போது விடுதியில் தொடங்கியது. அதன்பின் நுரையீரல் பாடம் நடத்தும் நாட்களில்கூட, கரும்பலகையில் வரைந்த படத்தை அழித்துவிட்டு, கையில் சுண்ணாம்புத் தூளோடு போய்ப் பற்ற வைத்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

சென்ற ஆண்டு ஜூலையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். கழிப்பறைக்குப் பின்னால், உதட்டுக்கு அடியில் ஒதுக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலத்தோடு என்னிடம் மாட்டினான். மறுநாள் இறைவணக்கக் கூட்டத்தில் அவனை முன்னால் நிறுத்தினேன். எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, “இவன் இத்தோடு சரி. இனி உருப்படவே மாட்டான்” என்றேன். அவன் அழவில்லை. என்னையே பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், “சார், உங்க சட்டைப் பையில தீப்பெட்டி இருக்கு” என்றான்.

இருந்தது. வெள்ளைச் சட்டை, வெளியே தெரிந்தது.

அதன்பின் எட்டு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனேன். அப்பா லாரியில் லோடு ஏற்றப் போயிருந்தார். அம்மாதான் திண்ணையில் பாய் போட்டு உட்காரச் சொன்னார். “நீங்க சொன்னா கேப்பான்னு நம்பிக்கிட்டிருந்தோம் சார். நீங்களே உருப்பட மாட்டான்னு சொல்லிட்டீங்களாமே. நைட்டெல்லாம் அதையே சொல்லிக்கிட்டிருக்கான்” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பயிற்சிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோதுதான் அது புரிந்தது.

அன்றே புகையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது எளிது, ஏற்கெனவே பத்துப் பதினைந்து தடவை செய்திருக்கிறேன். இந்தத் தடவை நண்பர் ஒருவர் சொன்னார் என்று, நகரத்தில் ‘ஒரே அமர்வில் விடுதலை’ என்று பலகை வைத்திருந்த ஒரு ஹிப்னாடிச மையத்துக்குப் போனேன். 3,500 ரூபாய். சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார். சினிமாவில் வருவதுபோல் சங்கிலியில் கடிகாரம் ஆடும், நான் நினைவிழந்து விடுவேன் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே பஸ் ஹாரன் கேட்டது, அவர் பேசியது அத்தனையும் கேட்டது. உடம்பு மட்டும் இலேசாக இருந்தது. “சிகரெட் வாசனை இனி உங்களுக்குக் குமட்டும்” என்றார். 11 நாள் தொடவில்லை. 12-ஆம் நாள் இரவு, காலாண்டு விடைத்தாள் கட்டு ஒன்றை முடித்துவிட்டு எழுந்தேன். கால் தானாகத் தெருமுனைக் கடைக்குப் போனது. குமட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் கேட்டால், “உங்கள் ஆழ்மனம் ஒத்துழைக்கவில்லை, இன்னும் ஐந்து அமர்வு வேண்டும்” என்றார்.

இந்த இடத்தில் அறிதுயில் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். வரலாறு சுவையானது. 18-ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர் பாரிஸில் பெரும் புகழோடு இருந்தார். தம்மிடம் ஒரு காந்த சக்தி இருப்பதாகச் சொல்லி நோயைக் குணப்படுத்திவந்தார். 1784-இல் பிரெஞ்சு அரசர் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தார். நமக்குப் பாடத்தில் வரும் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் உறுப்பினர்கள். அவர்கள் செய்த சோதனைகளில் ஒன்றை நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லலாம். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘காந்த சக்தி’ ஏற்றினார்கள். 12 வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். சக்தி ஏற்றாத வேறொரு மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். காந்தம் என்று எதுவும் இல்லை, எல்லாம் கற்பனை என்று குழு எழுதியது. மெஸ்மரின் கதை அதோடு சாய்ந்தது. எனக்கு மட்டும் ஒரு கேள்வி நிற்கிறது: காந்தம் பொய், சரி. ஆனால் பையன் விழுந்தது மெய்தானே? பெரியவர்கள் சொன்ன சொல்லும் அவனுடைய எதிர்பார்ப்பும் சேர்ந்து அவனைத் தள்ளிவிட்டன.

பிறகு மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர் 1841-இல் மேடைக் காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டு இதை ஆராய ஆரம்பித்தார். ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவர் அவர்தான். கிரேக்கத்தில் ஹிப்னாஸ் என்றால் தூக்கத்தின் தெய்வம். இது தூக்கமே இல்லை, கவனம் ஒரே எண்ணத்தில் குவியும் நிலை என்று பின்னாளில் அவரே பெயரை மாற்றப் பார்த்தார், முடியவில்லை. தமிழில் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. அறிந்துகொண்டே துயில்வது அறிதுயில். பெருமாளுக்குச் சொன்ன சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டவர்கள் பொருத்தமாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.

சரி, புகைப்பழக்கத்துக்கு இது பலிக்குமா? காக்ரேன் என்ற அமைப்பு மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிறது. 2019-இல் இது பற்றி 14 ஆய்வுகளை, 1,926 பேரை எடுத்துக்கொண்டு பார்த்தது. மற்ற ஆலோசனை முறைகளைவிட ஹிப்னாடிசம் கூடுதலாகப் பலன் தருகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்பதுதான் முடிவு. ஆகவே ‘ஒரே அமர்வு, நூறு சதவீத உத்தரவாதம்’ என்று யாராவது பலகை வைத்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்காதீர்கள்.

அப்படியானால் நீ எப்படி விட்டாய் என்று கேட்பீர்கள். அக்டோபரில் மாவட்ட அரசு மருத்துவமனையின் புகையிலை மீட்பு மையத்துக்குப் போனேன். காசு இல்லை, ஓ.பி. சீட்டு மட்டும். அங்கிருந்த உளவியலாளர் அம்மையார் என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் நாள் அறிதுயிலும் இல்லை, அறிவுரையும் இல்லை. ஒரு நோட்டைக் கொடுத்து, “ஒரு வாரம் விட வேண்டாம் சார். எப்போ, எங்கே, கையில் என்ன இருந்தப்போ பிடிச்சீங்கன்னு மட்டும் எழுதிட்டு வாங்க” என்றார்.

எழுதினேன். ஒரு நாளைக்கு ஏழு. பஸ் நிலையக் கடையில் காலை டீயோடு ஒன்று, 11 மணி இடைவேளையில் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, பள்ளி விட்டதும், மாலை டீ, இராச்சாப்பாடு, படுக்கும்முன் ஒன்று. ஏழில் ஐந்தை எப்போது பற்ற வைத்தேன் என்றே நினைவில்லாமல் பிடித்திருக்கிறேன்! டீ கிளாஸ் ஒரு கைக்கு வந்தால் மறு கை சட்டைப் பைக்குப் போகிறது. இதைப் பார்த்துவிட்டு அந்த அம்மையார் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க அறிதுயில் தேடி எங்கேயும் போக வேண்டாம் சார். ஒரு நாளைக்கு ஏழு தடவை அதிலேதான் இருக்கீங்க. அதிலிருந்து முழிக்கத்தான் பழகணும்.”

நிகோடின் புகையாக உள்ளே போனால் சில விநாடிகளில் மூளையைத் தொட்டுவிடுகிறது. விட்டதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சம். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். ஆனால் ‘இப்போதே வேண்டும்’ என்ற அந்த வேகம் ஒவ்வொரு தடவையும் சில நிமிடமே நிற்கும். இருபது வருடமாக எனக்கு இது தெரியாது, ஏனென்றால் அந்தச் சில நிமிடத்தை நான் ஒரு தடவைகூடக் கடந்ததில்லை.

அந்த நிமிடங்களுக்காகத்தான் சுய அறிதுயில் கற்றுக்கொடுத்தார். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும். மூச்சை மெதுவாக விட்டபடி பத்திலிருந்து ஒன்று வரை எண்ண வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் கிணற்றுப் படியில் ஒரு படி இறங்குவதாக நினைத்துக்கொண்டேன், எங்கள் ஊர்க் கிணறு அப்படி. அடியில் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் எழுதிப்போன வாக்கியம்: “நான் சிகரெட் பிடிக்க மாட்டேன்.” அவர் அடித்துவிட்டார். சிகரெட் என்று சொன்னதுமே மனம் சிகரெட்டைத்தான் பார்க்கும் என்றார். தொடக்கப் பள்ளிச் சகோதரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். “ஓடாதே” என்று கத்தினால் பிள்ளை ஓடும், “மெதுவா நடந்து வா” என்றால் நடக்கும். கடைசியில் என் வாக்கியம், “என் மூச்சு எனக்கு வேண்டும்” என்று ஆனது. சாதாரண வாக்கியம்தான். ஆறாவது படிக்கட்டிலேயே சில நேரம் எரிச்சல் அடங்கிவிடும். சில நேரம் ஒன்று வரை எண்ணியும் அடங்காது, திரும்பப் பத்திலிருந்து ஆரம்பிப்பேன்.

இதோடு மருத்துவர் எழுதிக்கொடுத்த 2 மி.கி. நிகோடின் சூயிங்கமும் உண்டு. காலை டீயைக் கடையில் குடிப்பதை விட்டு வீட்டில் குடிக்க ஆரம்பித்தேன். எது எந்த அளவுக்கு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. கடைசி சிகரெட் இந்த ஆண்டு ஜனவரி 6. ஒன்பது மாதம் ஆகிறது. ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். விட்ட இரண்டாம் மாதம் என் மனைவி, “கையில இருந்த சிகரெட் போய் செல்போன் வந்திருக்கு, அவ்வளவுதான்” என்றார். பார்த்தால், இராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் நோட்டை எடுத்தேன். எப்போது, எங்கே, என்ன மனநிலையில் என்று எழுதினேன். விளையாட்டுக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனமே 2019-இல் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் வகுப்பில் முதல் பாடவேளையிலேயே கண் சொருகும் பிள்ளையைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

நான் இங்கே வந்ததே இனிச் சொல்லப் போவதற்காகத்தான். ஒரு நாள் அந்த உளவியலாளரிடம் இறைவணக்கக் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஒருவர் சொல் இன்னொருவர் மனத்தில் எப்போது ஆழமாக இறங்கும் என்று விளக்கினார். சொல்பவர் மேல் மதிப்போ பயமோ இருக்க வேண்டும். கேட்பவர் கவனம் வேறெங்கும் போகாமல் அந்த ஒரு குரலில் நிற்க வேண்டும். உணர்ச்சி கலங்கியிருக்க வேண்டும். “இது மூணையும் நாங்க நாற்காலி போட்டு, விளக்கைக் குறைச்சு, அரை மணி நேரம் பாடுபட்டுக் கொண்டுவர்றோம். உங்களுக்கு மைக் பிடிச்ச உடனே கிடைச்சிருக்கு சார்” என்றார். பிராங்க்ளின் தோட்டத்துச் சிறுவன் எனக்கு நினைவுக்கு வந்தான். உருப்பட மாட்டாய் என்று நான் சொன்னேன். அவன் இரவெல்லாம் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் அறிதுயில் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. செய்யவே கூடாது. அது பயிற்சி பெற்ற மருத்துவரும் உளவியலாளரும் செய்ய வேண்டியது. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். ஆண்டு விழாவுக்கு மேடை ஹிப்னாடிசக்காரரை அழைத்து, பிள்ளையைப் பச்சை மிளகாய் தின்ன வைத்துக் கைதட்டுகிற வேலையும் வேண்டாம்.

நவம்பரில் அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் ஒரு சனிக்கிழமை அதே மையத்துக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு சூயிங்கம் தரவில்லை, வயது போதாது. பேச்சும் மூச்சுப் பயிற்சியும்தான். போகும்முன் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கே சொன்னேனோ அங்கேயே கேட்க வேண்டும் என்று தோன்றியதால், இறைவணக்கக் கூட்டத்தில், அதே மைக்கில் கேட்டேன். எங்கள் தலைமையாசிரியருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆசிரியரின் மதிப்புப் போய்விடும் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவரோடு இன்னும் அதில் கருத்து வேறுபாடு உண்டு.

பொட்டலத்தை விற்ற பெட்டிக்கடை எங்கள் சுற்றுச்சுவரிலிருந்து நாற்பது அடிதான். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எங்கேயும் விற்கக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி பிள்ளைக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு எழுதிக் கொடுத்தோம். மூன்றாவது கடிதத்துக்குத்தான் ஆள் வந்தார்கள்.

பையன் இப்போது பத்தாம் வகுப்பு. முழுவதும் விட்டுவிட்டானா என்று கேட்டால், இரண்டு தடவை சறுக்கினான், இரண்டு தடவையும் அவனே வந்து சொன்னான். 11 மணி இடைவேளையில் ஆய்வகத்துக்கு வருவான். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடிப்போம். சில நாள் நான் எண்ண ஆரம்பிப்பேன், சில நாள் அவன். போன வாரம் நான் ஏழிலேயே நிறுத்திவிட்டேன், “சார், இன்னும் ஆறு படி இருக்கு” என்றான்.

எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புகையிலையை விட உதவும் தேசியக் கட்டணமில்லா எண் 1800-11-2356. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளுக்காக மட்டும் கேட்கவில்லை. இந்த அறையிலும் சிலர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். தேநீர் இடைவேளையில் நான் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன்.