திரும்பும் நாள் தெரிந்த பயணம்



கல்வியின் பொருட்டு யப்பான் நாட்டில் வாழ்ந்த காலத்தில், விடுமுறை நாள்களில் நான் மேற்கொண்ட உலாக்களுள் ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். யப்பான் என்றதும் விண்ணளாவும் மாடங்களையும் காற்றினுங் கடுகிச் செல்லும் புகையிரதங்களையும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடும். நான் சொல்லப்போவதோ மெதுவாகச் செல்லும் ஒரு வண்டியையும் ஒரு குளத்தையும் பற்றியே. வன்னியிற் பிறந்தவன் கடல் கடந்து போயும் குளத்தைத்தானா தேடினான் என்று நீங்கள் நகைத்தாலும் குற்றமில்லை.

யப்பானியர் உழைப்பிற் பெயர்பெற்றவர்கள். ஓய்வையும் அவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுக் கொள்கின்றார்கள். ஏப்பிரல் இறுதியிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை அடுத்தடுத்து வரும் விடுமுறைகளைப் பொன்வாரம் என்பர். ஓகஸ்ட் நடுப்பகுதியில் முன்னோரை நினைந்து சொந்த ஊருக்குச் செல்லும் ஒபோன் நாள்கள் வரும். மாணவர்களுக்கு இளவேனில் விடுமுறையும் உண்டு. மாணவர்களின் விடுமுறைக் காலங்களுக்கென்றே 1982ஆம் ஆண்டு முதல் ஒரு புகையிரதச் சீட்டு விற்கப்பட்டு வருகின்றது. இளமைப் பதினெட்டு என்பது அதன் பெயரின் பொருள். பெயர் அவ்வாறிருப்பினும் எண்பது வயதினரும் அதனை வாங்கலாம். கடுகதி வண்டிகளில் ஏற இயலாது. நின்று நின்று செல்லும் வண்டிகளில் நாள் முழுவதும் பயணஞ் செய்யலாம். அக்காலத்தில் ஐந்து நாள்களையும் விரும்பியவாறு பிரித்துக் கொள்ளும் வசதி இருந்தது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தொடர்ச்சியான நாள்களுக்கே அது செல்லும்.

அச்சீட்டை வாங்கி முதற் பயணத்துக்கு ஆயத்தமான இரவில், பையில் இரண்டு உடைகளை வைத்தேன். பின்னர், என்னையறியாமலே, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ்கள், குடும்பப் படம் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையிற் சுற்றி அடியில் வைத்தேன். உடன் தங்கியிருந்த யப்பானிய நண்பர் அதனைக் கண்டு, "எத்தனை ஆண்டுகளுக்குப் போகின்றீர்?" என்று கேட்டார். "மூன்று நாள்" என்றேன். அவர் சிரித்தார், என்னாற் சிரிக்க இயலவில்லை.

நேயர்களே, போர்க்காலத்தில் வன்னியில் வளர்ந்த எங்களுக்குப் பயணம் என்ற சொல் இடம்பெயர்தலையே குறித்தது. பல முறை மூட்டை கட்டினோம். ஒரு முறையேனும் திரும்பும் நாளை அறிந்து கட்டியதில்லை. 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் இருந்தனர். அவர்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. ஓடும்போது எதை முதலில் எடுக்கவேண்டும் என்பது எங்கள் கைகளுக்குத் தெரியும். உலாப் போகும்போது எதை விட்டுச் செல்லலாம் என்பதுதான் தெரியாது.

மறுநாட் காலை ஒசாக்காவிலிருந்து புறப்பட்டேன். ஒக்கயாமாவில் வண்டி மாறி, 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட செத்தோப் பெரும்பாலத்தின் வழியே உள்நாட்டுக் கடலைக் கடந்து, சிக்கொக்குத் தீவிலுள்ள கக்காவா மாகாணத்தை அடைந்தேன். அங்கே கொத்தொகிரா என்னும் சிற்றூரில் கொம்பிரா என்ற தெய்வத்தின் ஆலயம் மலைமீது நிற்கின்றது. தலைமை மண்டபத்தை அடைய 785 படிகள் ஏறவேண்டும். கடலோடிகளைக் காக்கும் இத்தெய்வத்தின் பெயர், முதலையைக் குறிக்கும் கும்பீரம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது. குளத்து முதலைக்கு அஞ்சி வளர்ந்த நான், அதன் பெயர் தாங்கிய தெய்வத்தை அத்தூரத்திற் கண்டு வியந்தேன்.

மறுநாள் மன்னோக் குளத்துக்குச் சென்றேன். கக்காவா மழை குறைந்த நிலம். ஆதலின் எங்கள் வன்னியைப் போன்று ஆயிரக்கணக்கான குளங்களை அம்மக்கள் கட்டியுள்ளனர். அவற்றுள் முதன்மையானது மன்னோ. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது என்பது மரபு. 821ஆம் ஆண்டில், அம்மண்ணிற் பிறந்த கூக்காய் என்னும் பௌத்தத் துறவி உடைந்த கட்டைச் செப்பனிட்டார். கரையில் ஆலயமும் உண்டு; இரணைமடுக் கரையிற் கனகாம்பிகை அம்மன் வீற்றிருப்பதை நினைந்துகொண்டேன். நீர்ப்பாசனத்துக்கென அமைந்த யப்பானியக் குளங்களுள் இதுவே பெரிது. கொள்ளளவு 15.4 மில்லியன் கனமீற்றர். எங்கள் இரணைமடுவோ இதனைப்போல் ஏறத்தாழ ஒன்பது பத்து மடங்கு கொள்ளும்! இதனை அங்கு யாரிடமாவது சொல்லிப் பெருமை கொள்ளவேண்டும் போலிருந்தது.

ஆனால் அப்பெருமை நெடுநேரம் நிற்கவில்லை. குளக்கட்டில் உலாவிய முதியவர் ஒருவர் அக்குளத்தின் வரலாற்றைச் சொன்னார். 1184ஆம் ஆண்டில் வெள்ளம் கட்டை உடைத்தது. அதன்பின் ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் எவரும் அதனைக் கட்டவில்லை. குளத்தின் வயிற்றிலே மக்கள் குடியேறி உழுது பயிரிட்டனர். அவ்வூருக்குக் குளத்தினுள் ஊர் என்றே பெயர். 1631ஆம் ஆண்டில் நிசிசிமா ஆச்சிபே என்பவர் மீண்டும் கட்டி முடித்தார். இக்காலத்தில், ஜூன் நடுப்பகுதியில், எங்கள் ஆனி பிறக்கும் வேளையில், நாற்று நடுகைக்காகத் துருசு திறக்கும் நாளன்று அயலூரார் திரண்டு வந்து, நீர் பாயும் ஓசையைக் கேட்டு மகிழ்ந்து செல்கின்றனர்.

உடைந்த குளங்களை வன்னியும் அறியும். நூற்றாண்டுகளாகக் காடு மண்டிக் கிடந்த வவுனிக்குளம் 1950களில் மீண்டும் கட்டப்பட்டது. ஆயினும் சிறுபோகத்துக்குத் துருசு திறக்கும் நாளை, பார்த்து மகிழவேண்டிய ஒரு நாளாக நான் ஒருபோதும் எண்ணியதில்லை. குளம் எங்களுக்கு வயலுக்கு நீர். போர்க்காலத்தில் ஒதுங்கிய மரநிழல். கரையில் வெறுமனே உட்கார்ந்து பார்ப்பதற்குரிய ஓரிடமென அதனை எனக்குக் காட்டியது அயல்நாட்டுக் குளமே.

மூன்றாம் நாள் மாலை என் அறைக்குத் திரும்பினேன். கதவைத் திறந்தேன். கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன கோப்பை கவிழ்த்தபடியே இருந்தது. மேசையில் விரித்த புத்தகம் அதே பக்கத்தில் இருந்தது. விட்டுச் சென்றது விட்ட இடத்திலேயே இருக்கக் கண்டது என் வாழ்வில் அதுவே முதன்முறை. நெடுநேரம் விளக்கை ஏற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

1990ஆம் ஆண்டில் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது. படிப்பு முடிந்து அவ்வண்டியிலேயே நான் ஊர் திரும்பினேன். அடுத்து வந்த வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு அம்மாவை அழைத்துச் செல்ல விரும்பினேன். பண்டு எங்கள் முன்னோர் மாட்டுவண்டி கட்டி, வழியிற் சமைத்துண்டு, பாலைப்பழம் பொறுக்கித் தின்று போய்வந்த பயணமல்லவா அது! உலாவென்பது எங்களுக்குப் புதிதன்று. இடையில் இழந்த ஒன்று. அம்மா புறப்படும்போது காணி உறுதி வைத்த துணிப்பையையும் கையில் எடுத்தார். "நாளைக்கு வந்துவிடுவோம் அம்மா" என்றேன். சற்றுநேரம் நின்றார். பின்பு உள்ளே சென்று, அதனைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

எங்களோடு புறப்பட்டுத் திரும்பாதவர்கள் உளர். தம் காணிக்கு இன்னும் மீளாதவர்களும் உளர். அவர்களை மறந்து உலாப் போகுமாறு நான் சொல்லவில்லை. ஆயினும், வாய்ப்புள்ளவர்கள் ஒரு நாளேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முத்தையன்கட்டுக்கோ இரணைமடுவுக்கோ போய், குளக்கட்டில் அமர்ந்து கட்டுச்சோறு உண்டு, மாலையில் வீடு திரும்புங்கள். போன வழியே வீட்டுக்குத் திரும்பிவரலாம் என்பதைப் பிள்ளைகள் எங்களிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.